வடக்குப் பக்கத்துச் சம்பளம்

நேர்காணலுக்கு வருகிறவர் உட்காரும் நாற்காலியை எச்.ஆர். சார் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பச் சொல்வார். எண்ணூர் சாலையை ஒட்டி இருந்தது எங்கள் தொழிற்சாலை. காலையில் துடைத்த நாற்காலி மதியத்துக்குள் கறுத்துவிடும். இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிற பிள்ளைகள் முதுகில் கரியோடு திரும்பிப் போகக் கூடாது என்பது அவருடைய எண்ணம். நான் சம்பளப் பிரிவில் இருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவர் குனிந்து துடைப்பது என் இடத்திலிருந்து நன்றாகத் தெரியும். யார் வேலைக்குச் சேரப்போகிறார்கள், யாருக்கு இல்லையென்று சொல்லப்போகிறார் என்பதெல்லாம் அந்த வேளையில் அவருக்குத் தெரிந்திருக்காது. எல்லோருக்கும் துடைத்தார்.

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்தக் குடும்பத்தில் மேசை போட்டு உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் இவர்தான். ஆள் எடுப்பது, சம்பளம் நிர்ணயிப்பது, விடுப்பு, வேலைநீக்கம் எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் நிறுவனம் ஊரைப் பகுதிபகுதியாகப் பிரித்து வைத்திருந்தது. நகரத்தின் தெற்கே இருந்த தலைமை அலுவலகத்தில் ஒரு வேலைக்கு ஒரு சம்பளம். அதே வேலைக்கு எங்கள் பக்கத்தில் அதைவிடக் குறைவு. வடக்கே வாழ்க்கைச் செலவு குறைவு என்பதுதான் காரணம். வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் அவர். யாரையும் புண்படுத்தாமல், வீட்டு மனிதரிடம் பேசுவதுபோல் சொல்வார். ஒருமுறை வியாசர்பாடி குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெண், அவருடைய பிரிவிலேயே உதவியாளர் வேலை கேட்டு வந்தவள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நீங்களும் இந்தப் பக்கந்தானே சார்? உங்குளுக்குக் கட்டுதா?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். அவள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

அவருக்குக் கட்டுப்படியாகவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருடைய சம்பளமும் என் கை வழியாகத்தானே போனது. அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன மழலையர் பள்ளியில் டீச்சராக இருந்தார். பிள்ளைகள் இல்லை. இரண்டு சம்பளத்தில் ராயபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் ஓடிக்கொண்டிருந்த குடும்பம் அது. மெட்ரோ ரயில் வந்த பிறகு அந்தப் பக்கத்து வாடகைகள் ஏறின. வீட்டுக்காரர் முதலில் வாடகையைக் கூட்டினார். அடுத்த வருஷம் அட்வான்ஸைக் கூட்டினார். பிறகு தன் மகனுக்கு வீடு வேண்டும் என்றார். காலி செய்த கொஞ்ச நாளில் அங்கே வேறு யாரோ குடிவந்தார்கள். சார் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று அலைந்து பார்த்துவிட்டுக் கடைசியில் அத்திப்பட்டுக்குப் போனார். அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில், கையைக் கடிக்காத வாடகைக்கு இரண்டு அறையும் ஒரு மாமரமும் உள்ள வீடு கிடைத்தது. ரயில் நெரிசல் அக்காவுக்கு ஆகாது; ஆட்டோவிலும் பஸ்ஸிலும் ராயபுரம் பள்ளிக்குப் போய்வந்தால் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும் என்பதால், அக்கா வேலையை விட்டார்.

முதல் முறை நான் அந்த வீட்டுக்குப் போனபோது மாமரத்து இலைகளெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு நின்றன. கொடியில் காய்ந்த துணியை அக்கா உதறி உதறி மடித்தார். தண்ணீர் கேனில் வாங்க வேண்டும். கடைக்கும் டாக்டருக்கும் ஷேர் ஆட்டோ வரும்வரை காத்து நிற்க வேண்டும். ஆனால் இடம் விசாலம் என்று அக்கா எனக்கு ஒவ்வொரு அறையாகக் காட்டினார். காட்டிக்கொண்டே நடக்கையில் நடுவில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ராயபுரத்தில் மழைக்காலத்தில் மட்டும் வந்த இழுப்பு அங்கே வருஷம் முழுக்க வந்தது. வாடகையில் மிச்சமானது மருந்துக்குப் போயிற்று. பிறகு மிச்சமாகாததும் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தொழிற்சாலையின் எச்.ஆர். பிரிவை மூடி எல்லா வேலையையும் தலைமை அலுவலகத்தோடு சேர்த்தார்கள். சாருக்கு வேலை போகவில்லை. தெற்கே வந்து அதே வேலையைப் பாருங்கள் என்றார்கள். முதலில் அவர் சந்தோஷப்பட்டார். அந்தப் பக்கத்துச் சம்பளம் கிடைத்தால் அங்கேயே ஒரு வீடு பார்க்கலாம், கடல் காற்று இருக்கும், அக்காவுக்கு நல்லது என்று என்னிடம் சொன்னார். ஆனால் அவர் அங்கே போய்க் கேட்டதும் அவர்கள் சொன்ன பதில் வேறு. அவருடைய சம்பளம் அவர் வேலைக்குச் சேர்ந்த பகுதியை வைத்துப் போட்டது. இடம் மாறினாலும் அது மாறாது. எங்கே குடியிருக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். சொன்ன அதிகாரி கெட்டவர் இல்லை. காபி வாங்கிக் கொடுத்து, வருத்தத்தோடுதான் சொன்னாராம். வடக்குப் பக்கத்துச் சம்பளத்தில் தெற்கே ஒரு குளியலறை கூட வாடகைக்குக் கிடைக்காது. அன்று சாயங்காலம் போனில் சார் கோபப்படாமல் பேசினார்.

"நானா இருந்தாலும் அதையேதாம்மா சொல்லியிருப்பேன். எத்தினி பேர்கிட்ட சொல்லிக்கீறேன்."

அதற்குப் பிறகு விடிவதற்கு முன் அத்திப்பட்டில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, இரண்டு பஸ் மாறி நகரத்தின் மறு கோடிக்குப் போய்வந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா தூங்கியிருப்பார். அல்லது தூங்க முடியாமல் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். பகல் முழுவதும் அவர் தனியாக இருந்தார். எதிர்வீட்டு மீன்காரம்மாதான் நடுநடுவே எட்டிப் பார்ப்பார். அவசரத்துக்கு என் நம்பரை அந்தம்மாவிடம் சார் கொடுத்திருந்தார். தொழிற்சாலை வழியில் இருக்கிறது என்பதால்.

ஒரு நாள் மதியம் அந்தம்மா கூப்பிட்டார். அக்காவுக்கு மூச்சு நிற்காமல் இழுக்கிறது, மருந்து அடித்தும் கேட்கவில்லை, சார் போனை எடுக்கவில்லை, ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்கிறார்கள், ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்றார். நான் வாசலில் நின்று ஏறிக்கொண்டேன். பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கொஞ்ச தூரத்தில் சாலை நின்றுவிட்டது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, என்ஜினை அணைத்துவிட்டு நின்றன. ஆட்டோக்காரர் இறங்கி லாரிலாரியாகப் போய்க் கெஞ்சினார். டிரைவர்களும் இறங்கி வந்தார்கள். ஒதுங்க அவர்களுக்கும் இடமில்லை. மீன்காரம்மா அக்காவின் முதுகை நீவிக்கொண்டே இருந்தார். நான் மறுபடியும் சாருக்குப் போன் போட்டேன். அக்கா என் கையைப் பிடித்துத் தடுத்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சைத் தேடி எடுத்தார்.

"வேணாம்மா... பாதி வழில... எறங்கி ஓடியாருவாரு."

அதற்கப்புறம் பேசவில்லை. எதிர்ப்பக்கத்துச் சாலையில் ஒரு போலீஸ்காரர் வழி எடுத்துக் கொடுத்து நாங்கள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது, டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

சார் அப்போது அலுவலகக் கூட்டம் ஒன்றில் இருந்தார். போன் அவர் மேசையில் இருந்திருக்கிறது. செய்தி கேட்டு அவர் வந்துசேர இருட்டிவிட்டது. வந்தவர் எங்களைத் தாண்டி நேராக அக்காவிடம் போனார். அக்காவின் முகத்தில், மூக்கோரத்தில் ஒட்டியிருந்த கரியைக் கட்டைவிரலால் துடைத்தார். அது போகவில்லை. விரலை எச்சிலில் நனைத்து மறுபடி துடைத்தார். மறுநாள் காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் செய்தோம்.

அவர் வேலையை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. அத்திப்பட்டு வீட்டைக் காலி செய்து, ராயபுரத்திலேயே ஒரு மாடியில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டார். நான் இன்னும் எண்ணூரில்தான் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்தே கம்ப்யூட்டர் திரையில் நேர்காணல் நடக்கிறது. சம்பளத்தைப் பற்றி யாரும் விளக்குவதில்லை. தொகை திரையில் வரும். சம்மதம் என்று அழுத்தினால் வேலை.

போன மாதம் தண்டையார்பேட்டை மெட்ரோ படிக்கட்டில் அவரைப் பார்த்தேன். உடம்பு இளைத்திருந்தது, சட்டை மட்டும் பழையபடி மடிப்புக் கலையாமல் இருந்தது. பகுதி மாறிப் போகிறவர்களுக்குப் புதுப் பகுதியின் சம்பளமே கொடுப்பதாக நிறுவனத்தில் விதியை மாற்றிவிட்டார்களாம். அவர்தான் பல தடவை எழுதிக் கேட்டு அதை மாற்ற வைத்தார் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அவருக்கும் தெற்குப் பக்கத்துச் சம்பளம் வரத் தொடங்கியிருந்தது. கேட்டிருக்க வேண்டாம், ஆனால் வேறென்ன பேசுவது என்று தெரியாமல், இப்போதாவது சம்பளம் போதுகிறதா சார் என்று கேட்டுவிட்டேன்.

கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏறுகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். கீழே ரயில் வரும் சத்தம் கேட்டது. அவர் அவசரப்படவில்லை.

"ஒரு ஆளுக்குத் தாராளமா போதும்மா," என்றார். "ரெண்டு பேருக்குத்தான் பத்தல."