பதினோரு பேரைக் கொன்ற மாப்பிள்ளை

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் எனக்கு இருபத்தெட்டு வருஷமாக ஒரே வேலை. நெசவாளர்கள் கொண்டுவரும் புடவையை மேசையில் விரித்து, ட்யூப்லைட் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகச் செக்கிங் பார்ப்பது. எங்காவது இழை விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். கொண்டுவருகிறவர்கள் முந்தியைத்தான் முதலில் விரித்துக் காட்டுவார்கள். முந்தி எப்போதும் ஜோராகத்தான் இருக்கும். "முந்திய மூடுப்பா, உடம்பக் காட்டு" என்பேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இந்த மேசையில் ஒரு வாரம் தாங்கமாட்டான்.

அந்தப் புத்தியோடுதான் என் ஒரே பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பினேன்.

முதலில் வந்த ஜாதகம் ஓரிக்கைப் பையனுடையது. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். பத்துக்கு எட்டுப் பொருத்தம். முறைப்படி போய்ப் பார்ப்பதற்கு முன்னால் யாருக்கும் சொல்லாமல் ஒரு தடவை போய் மோப்பம் பிடித்துவிட்டு வருவது என் வழக்கம். சொந்தத்தில் நாலு கல்யாணத்துக்கு இப்படி விசாரித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு போய், அவர்கள் வீட்டுக்கு எதிர்த்தாற்போல் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன்.

டீ கைக்கு வருவதற்குள் அந்த வீட்டு ஜன்னலிலிருந்து ஒரே கூச்சல். "பின்னாடி வர்றான் பாரு. உடாத, தலையிலயே போடு. சாவட்டும், சாவட்டும்." நான் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். டீக்கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கேம் ஆடிக்கினு இருக்குது சார், லீவு நாள்னா இப்படித்தான்" என்றார்.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. லுங்கி பனியனோடு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்துபோய் ஒருவன் உட்கார்ந்திருந்தான். எதிரே பெரிய திரையில் துப்பாக்கியும் புகையும். அவன் அம்மா துடைப்பத்தோடு வந்து என்னவோ சொன்னாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே இரண்டு காலையும் தூக்கிக்கொண்டான், அவள் கீழே பெருக்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் தண்ணீர் கேன் வந்து இறங்கியது. அந்த அம்மாள் குனிவதற்குள் ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "நீ தூக்காதம்மா, இடுப்பு புடிச்சுக்கும்" என்று கேனைத் தோளில் வைத்து உள்ளே கொண்டுபோனான். இதையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகு அவனே பால் பாக்கெட் வாங்க டீக்கடைக்கு வந்தான். நான் யாரோ வழிப்போக்கன் மாதிரி கேட்டேன்.

"இன்னாப்பா, வூட்ல ஏதாவது சண்டையா?"

அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஐயோ, இல்ல சார். கேம். சத்தம் வெளிய வந்துடுச்சா?"

"எத்தன பேர சுட்ட?"

"பதினோரு பேர் சார்." கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னான். "அப்புறம் என்னையும் போட்டுட்டானுங்க."

வீட்டுக்கு வந்து ஜாதகத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் பதினோரு பேரைக் கொல்கிறவனுக்குப் பெண்ணைக் கொடுப்பார்களா என்றேன். கேம் ஆடுகிற பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அது வீட்டாள் மேல் பாயும் என்று டிவியில் யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்ததை அப்படியே ஒப்பித்தேன். "குலைக்கிற நாய் கடிக்காதுங்க" என்றாள் அவள். "கடிச்சப்புறம் இன்னா பண்ணுவ?" என்றேன்.

என் பெண் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். சோறு பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்பா, அந்த கேம நானும்தான் ஆடறேன்" என்றாள்.

"நீ ஆடறது வேற."

"எப்படி வேற?"

நீ பொண்ணு, என்று மட்டும் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, அன்றைக்குச் சாயங்காலம் அவள் போனைக்கூட ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தேன்.

இரண்டாவது வந்தது உள்ளூர் இடம். அப்பாவுக்கு நூல் கடை. பையன் தினமும் விடியற்காலை குளித்துவிட்டு ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய்வந்துதான் கடையைத் திறப்பானாம். நெற்றி நிறைய விபூதி. பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று இருந்தான். டீக்கடை, மளிகைக்கடை, கோயில் வாசல் பூக்காரி என்று மூன்று இடத்தில் விசாரித்தேன். எல்லோரும் ஒரே வாயாகத் தங்கம் என்றார்கள்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன அன்று அவன் அப்பா சொன்னார். "எங்க பையன் எறும்ப மிதிக்கமாட்டான். போன்ல கேம் கீம் ஒண்ணும் கெடயாது. பேசறதுக்கு மட்டுந்தான் போனு." எனக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. இதைக் கேட்கத்தானே வந்தேன்.

அப்போது பையனின் அம்மா காப்பி கொண்டுவந்தாள். அவன் பக்கம் தட்டை நீட்டும்போது டபராவில் கொஞ்சம் சிந்திவிட்டது. அவன் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். அந்த அம்மாள் ஒரு அடி பின்னால் போனாள். பிறகு நாங்கள் கிளம்பும்வரை சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. பிள்ளையிடம் அம்மாவுக்கு என்ன மரியாதை பார், என்று திரும்பி வரும்போது என் மனைவியிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஊரே வாழ்த்தியது.

ஐப்பசியில் தலைதீபாவளிக்கு வந்தார்கள். பெண் முழங்கை தாண்டி நீளமாகக் கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள். புது ஃபேஷன் என்று நினைத்தேன். ஆறு கஜத்தில் ஒற்றை இழை விட்டிருந்தால் கண்டுபிடிக்கிற கண் இது, சொல்லவே கூசுகிறது. போனில் பேசினால் நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், வெச்சுடட்டுமா, இவ்வளவுதான். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். மாப்பிள்ளையும் கேட்கட்டும் என்கிற ஒற்றுமை போலிருக்கிறது என்று அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டேன். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் எல்லாம் நான் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

தை மாதம் ஒருநாள் ஸ்பீக்கர் இல்லாமல் கூப்பிட்டாள். "அப்பா, அவருக்கு ரொம்பக் கோவம் வருதுப்பா" என்றாள்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "நீ இன்னா சொன்ன அவர?" என்று கேட்டேன். மூன்று இடத்தில் விசாரித்துத் தேடிய மாப்பிள்ளை மேல் எனக்கு வராத சந்தேகம், பெற்ற பெண் மேல் ஒரு நொடியில் வந்துவிட்டது. அவள் ஒன்றுமில்லைப்பா என்று போனை வைத்துவிட்டாள். பிறகு இரண்டு மாசம் அவளாகக் கூப்பிடவே இல்லை.

பங்குனியில் ஒரு பகல் பதினோரு மணிக்குக் கடைக்குள் வந்து நின்றாள். நான் மேசையில் ஒரு புடவையைப் பாதி பார்த்து முடித்திருந்தேன். அவள் செருப்புகூடப் போட்டுக்கொண்டு வரவில்லை. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். அதை மெதுவாக மேசைமேல் வைத்தாள். இரண்டு விரல் வீங்கி, ஒன்று வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"கதவு இடுக்குல வெச்சு சாத்திட்டாருப்பா" என்றாள்.

அன்றைக்கு நான் அவளை நீ என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. அது ஒன்றுதான் நான் உருப்படியாகச் செய்தது.

கட்டுப் போட்டு அவளை வீட்டில் விட்டுவிட்டு நேராக அந்த வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை இல்லை. அவன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உங்க பையன் பண்ணிய காரியம் தெரியுமா என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. அந்த வீட்டில் யாருமே குரலை உயர்த்தமாட்டார்கள்.

"உங்க பொண்ணு போன்ல இன்னா வெச்சிருந்துது தெரியுமா? துப்பாக்கி கேம். ஆளுங்கள சுடற கேம். பையன்தான் பாத்துட்டு அழிக்கச் சொன்னான். அதுல ஆரம்பிச்சுதுங்க எல்லாம். அந்த மாதிரி கேம் ஆடற பொண்ணுக்கு பொறும எங்கயிருந்து வரும்? எதுத்து எதுத்து பேசுது. கை நீட்டற அளவுக்குப் பையன தூண்டுது. நீங்க சொல்லி வளத்திருக்க வேணாமா?"

அது என் பேச்சு. ஓரிக்கைப் பையனைப் பற்றி நான் சோற்றுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து பேசிய அதே பேச்சு. ஆள் மட்டும் மாறி என் பெண்ணின் விரலுக்கு நியாயமாக வந்து நின்றது. சமையல்கட்டுக் கதவோரம் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். நான் பார்த்ததும் புடவைத் தலைப்பை இழுத்து முழங்கையை மூடிக்கொண்டாள். அன்றைக்குத்தான் அந்தக் காப்பி ஏன் சிந்தியது என்று எனக்கு உறைத்தது.

வெளியே வந்து வண்டியைக் கிளப்ப முடியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். மகளிர் காவல் நிலையத்துக்கு மறுநாள்தான் போனோம், வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கேம் ஆடினால் கை நீளுமா என்று இப்போது என்னைக் கேட்டால், சத்தியமாகத் தெரியாது என்பேன். பிள்ளைகள் நாள் முழுக்க அதிலேயே கிடந்தால் எனக்கு இன்னும் பிடிக்காதுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். கல்யாணமான புதிதில், சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று நான் என் மனைவியை ஒருநாள் அறைந்தேன். அப்போது எங்கள் வீட்டில் டிவிகூடக் கிடையாது. அந்தக் கை எந்த கேம் ஆடிக் கற்றுக்கொண்டது? என் மாமனாரும் என்னைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் பெண் கொடுத்தார். தங்கமான பையன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுக் காப்பிக்குப் பிறகு என் மனைவி ஏன் பேசாமல் வந்தாள் என்று இப்போது கேட்கலாம். கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஓரிக்கைப் பையனுக்குக் கல்யாணமாகிவிட்டது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருவரையும் பார்த்தேன். அவள் அவனை நடுரோட்டில் நிறுத்திவைத்து, எதையோ மறந்துவிட்டு வந்ததற்குத் திட்டிக்கொண்டிருந்தாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். நான் கொஞ்சம் தள்ளி நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கம் விடுமா? அந்தக் கை அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டது.

என் பெண் இப்போது எங்களோடுதான் இருக்கிறாள், பள்ளிக்கூடத்துக்கும் திரும்பப் போகிறாள். மோதிர விரல் மட்டும் முழுதாக மடங்குவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் படுத்திருந்தேன். அவள் அறையிலிருந்து திடீரென்று குரல் கேட்டது. "அங்க ஒளிஞ்சுக்கினு இருக்கான். உடாத, போடு. போட்டுத் தள்ளு."

தூக்கிவாரிப் போட்டது. எழுந்துபோய்க் கதவோரம் நின்றேன். பழைய சந்தேகம் மறுபடி தலைதூக்கியது. இவள் யாரைச் சுடுகிறாள்? யார் முகத்தை அங்கே வைத்துப் பார்க்கிறாள்? முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. என் மனைவி இதற்குள் ஓடிவந்து தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். புருஷன் வீட்டைவிட்டு வந்தவளுக்கு என்ன இவ்வளவு கூச்சல் என்று தெருவில் பேசுவார்களாம்.

"யாரம்மா சுடற?" என்று கேட்டேன்.

ஒரு காதிலிருந்து ஹெட்போனை நகர்த்தினாள். "தெரியலப்பா. எந்த ஊர்க்காரனோ." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "சத்தம் ஜாஸ்தியா இருக்குதா?"

"இல்லம்மா, சும்மாதான் கேட்டேன்."

அவள் விரலைத் தடவிக்கொண்டிருந்தாள். "அந்த வூட்ல ஏழு மாசம் நான் சத்தமே போட்டதில்லப்பா" என்றாள். "கதவ சாத்தின அன்னிக்குக்கூட."

நான் போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்தேன்.