இரண்டு தாய்மாமன்களும் பதினான்காம் படியும்

2025 ஜூன் 12, வியாழக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். வாசல் தெளித்தேன், குக்கர் வைத்தேன், மதியத்துக்குப் புளிச்சாதமும் பொட்டுக்கடலைத் துவையலும் கட்டிக்கொண்டேன். 7.40க்கு ராஜபாளையத்தில் பஸ் ஏறி 8.15க்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். வழியில் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை.

இருபத்திரண்டு வருடம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் தரக் கட்டுப்பாட்டுப் பதிவேடு எழுதியவள் நான். இப்போது ராஜபாளையத்தில் ஒரு சிறிய சாஃப்ட்வேர் கம்பெனியில் டாக்குமென்டேஷன் எழுதுகிறேன். ஃப்ளெக்ஸ் போர்டு டிசைன் செய்யும் மென்பொருள் எங்களுடையது. இதுவரை அதை மனிதர்கள் ஓட்டினார்கள். இனி ஏஐ ஏஜென்ட் தானே ஓட்ட வேண்டும். ஏஜென்டுக்கு நம் ஊர்ப் பழக்கம் தெரியாது. எழுதிக் கொடுத்ததைப் படித்து, எழுதியபடியே செய்யும். அந்த எழுத்துதான் என் வேலை.

அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் ஒன்பது நாள் உட்கார்ந்து, டிசைனர் செல்வி செய்வதையெல்லாம் வரிசையாக எழுதினேன். மொத்தம் முப்பத்தொரு படிகள். ஏஜென்ட் ஒரு போர்டைத் தானாக முடித்துவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து செல்வி வேண்டாம் என்று கடை முதலாளி அவளை வைத்துக்கொண்டே சொல்லியிருந்தார். அதைக் கேட்ட பிறகும் அவள் படத்தின் அடுக்குகளான லேயர்களுக்குப் பெயர் வைக்கும் முறையைப் பொறுமையாகச் சொல்லித் தந்தாள். எனக்குத்தான் பேனா ஓடவில்லை.

அன்று சோதனை. வன்னியம்பட்டியிலிருந்து ஒரு காதணி விழா போர்டு, பத்துக்கு எட்டு அடி. நடுவில் குழந்தை, இரண்டு பக்கமும் இரண்டு தாய்மாமன்கள். மாமன்கள் நேரிலேயே வந்திருந்தார்கள். யார் மடியில் வைத்துக் காது குத்துவது என்ற தகராறை ஏற்கெனவே தீர்த்துவிட்டார்களாம்: வலது காதுக்கு மூத்தவர் மடி, இடது காதுக்கு இளையவர் மடி.

என் பதினான்காம் படி இது: 'தாய்மாமன் படம் போர்டில் உள்ள மற்ற எல்லாப் படங்களையும் விடப் பெரிதாக இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் கேன்வாஸைப் பெரிதாக்கவும்.' செல்வி சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் எழுதியது.

10.20க்கு ஏஜென்ட் தொடங்கியது. முதல் பதின்மூன்று படிகள் நான்கு நிமிடத்தில் முடிந்தன. செல்வி தன் டிபன் பாக்ஸை மேஜையிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்தாள். பிறகு மூத்த மாமன் படம் பெரிதானது. இளையவர் படமும் தாய்மாமன் படம்தானே, அது அதைவிடப் பெரிதானது. உடனே மறுபடி மூத்தவர். இடம் போதாமல் கேன்வாஸ் வளர்ந்தது. போர்டு இருபது அடி ஆனது, முப்பத்தைந்து ஆனது, அறுபது ஆனது. இரண்டு மீசைகளுக்கு நடுவில் குழந்தை ஒரு மூக்குத்தி அளவில் தெரிந்தது.

மாமன்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

"இப்போ நம்மளதுதான் பெருசு," என்றார் இளையவர்.

"செத்த நேரம் பொறுலே. என் முறை வருது," என்றார் மூத்தவர்.

வந்தது. 11.05க்கு போர்டு நானூற்றுப் பத்து அடி. தெருவையும் அதன் கடைசியில் உள்ள ரைஸ் மில் சுவரையும் சேர்த்தால் கட்டிவிடலாம் என்று மூத்தவர் கணக்குச் சொன்னார். தம்பியும் ஒப்புக்கொண்டார்.

முதலாளி நிறுத்தச் சொன்னார். மாமன்களை எதிர்க்கடைக்கு டீ குடிக்க அனுப்பிவிட்டு, ரெண்டு மாமன் வந்தால் நீ என்ன செய்வாய் என்று செல்வியைக் கேட்டார்.

"ரெண்டையும் ஒரே அளவாத்தான் வைப்பேன். பொறவு ஆளுக்கு ஆள் தனியாக் கூப்பிட்டு, 'உங்க படந்தான் அண்ணாச்சி ஒரு சுத்து பெருசு, அவியகிட்ட சொல்லிராதீய'ம்பேன்."

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க இருந்த ஒம்போது நாளும் ரெண்டு மாமன் உள்ள வீடு ஒண்ணும் வரலியேக்கா."

நோட்டைப் புரட்டினேன். மூன்று காதணி விழா போர்டுகள். மூன்றிலும் மாமன் ஒருவரே.

அங்கேயே பதினான்காம் படியைத் திருத்தினேன்: இரு படமும் ஒரே அளவு. அதை அடுத்துப் புதிதாக ஒரு பதினைந்தாம் படியை நுழைத்தேன்: உங்கள் படமே பெரியது என்று ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லவும். ஏஜென்ட் பதினான்கை ஒழுங்காக முடித்தது. பதினைந்தில் நின்று, திரையில் எழுதியது: 'இரண்டும் ஒரே அளவில் உள்ளன. ஒன்று பெரியது என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டும் சமம் என்று இருவரிடமும் சொல்கிறேன்.'

"அதைச் சொல்லித் தொலைச்சிறப் போவுது," என்று முதலாளி ஏஜென்ட் பேசும் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினார்.

மாமன்கள் திரும்பி வந்ததும் செல்வி மூத்தவரைப் பிரின்டர் பக்கம் கூப்பிட்டு ஒரு நிமிடம் பேசினாள். பிறகு இளையவரை. இருவரும் அச்சுக்கு ஒப்புதல் தரும் புரூஃபில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரை ஒருவர் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டே படியிறங்கினார்கள்.

முதலாளி ஸ்பீக்கர் வயரை மறுபடி சொருகினார். பிறகு, "நீ ஒன் சீட்லயே இரும்மா. அது படத்தப் பாக்கட்டும், நீ ஆளப் பாரு," என்றார். செல்வி டிபன் பாக்ஸை எடுத்து மறுபடி மேஜையில் வைத்தாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஒருவர் செய்வதை மட்டும் பார்த்து எழுதினால் பாதிதான் கிடைக்கும். நீங்கள் பார்க்காத நாளில் என்ன வரும், வந்தால் என்ன செய்வார் என்றும் கேட்டு எழுத வேண்டும்.

மறுநாள் காலை 5.10க்கு எழுந்ததும், வாசல் தெளிப்பதற்கு முன்பே, பதினைந்தாம் படியை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'இங்கே நிறுத்தவும். செல்வியைக் கூப்பிடவும். அவர் முடிந்தது என்று சொல்லும்வரை மாமன்களிடம் அளவைப் பற்றிப் பேச வேண்டாம்.'