வெயிலில் பிடித்துக் காட்டிய ஸ்கேன் படம்

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு ஆடி மாதம். திருவொற்றியூர் கடற்கரையை ஒட்டிய எங்கள் மீனவக் குப்பத்தில் அம்மன் ஊர்வலம். பல்லக்கைத் தூக்கியவர்களில் என் தம்பியும் ஒருவன். தெரு திரும்பும் இடத்தில் அவன் கால் பின்னிக்கொண்டது. பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, நல்லவேளை மற்றவர்கள் தாங்கிக்கொண்டார்கள். குடித்துவிட்டு அம்மனைத் தொட்டான் என்று ஊரே முடிவு கட்டியது. இனி பல்லக்கில் கை வைக்கக் கூடாது என்றார்கள். படகிலும் அவனை ஏற்றவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அதையேதான் நம்பினேன். பல மாதங்களாகவே அவன் நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. வீட்டுக்கு வந்தால் வாயை ஊதச் சொல்வேன். வாடையே வராது. "ஏலக்காய மென்னுட்டு வந்து என்கிட்டயே டபாய்க்கிறியா?" என்று திட்டுவேன். எங்கள் நைனாவும் இப்படித் தள்ளாடித் தள்ளாடியே செத்தவர். அப்பன் புத்தி பிள்ளைக்கும் வந்துவிட்டதே என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

ஒருநாள் காலை, படுக்கையை விட்டு எழுந்தவன் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் தண்ணீரை மேலெல்லாம் கொட்டிக்கொண்டான். எழுந்ததும் எவன் குடிப்பான்? அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

தலையை எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, பின்தலைப் பக்கம் விரல் வைத்துக் காட்டினார். உடம்பு தடுமாறாமல் பார்த்துக்கொள்ளும் சிறுமூளை சுருங்கிப்போய், சுற்றிலும் கறுப்பாக இடைவெளி விழுந்திருந்தது.

"குடும்பத்துல வேற யாராவது இப்படி நடந்தாங்களா?" என்று கேட்டார்.

"எங்க நைனா இப்டிதான் நடப்பாரு மேடம். ஆனா அவரு குடிகாரரு."

"அவர் குடிச்சு நீங்க பார்த்திருக்கீங்களா?"

ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஊர் சொன்னது, அம்மா சொன்னாள், நானும் சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். பிறகு வந்த ரத்தப் பரிசோதனையும் பரம்பரை நோய்தான் என்றது.

எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கம் இல்லை. அடுத்த கூட்டத்தில் படத்தோடு போய் நடுவில் நின்றேன்.

"இங்க உனக்கு இன்னா வேல? வூட்டுக்குப் போ" என்றார் ஊர்ப் பெரியவர்.

"போறேன் மாமா. மொதல்ல இத்த பாருங்க." படத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். "இது என் தம்பி மூள. இந்தாண்ட தேஞ்சு கீது, தெரியுதா? அவன் குடிக்கல. எங்க நைனாவும் குடிக்கல. இன்னொரு தபா எவனாச்சும் குடிகாரன்னு சொன்னீங்கோ, சும்மா வுடமாட்டேன்."

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பெரியவர் மட்டும் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "உங்க நைனாவ படகுலேர்ந்து எறக்கி வுட்டதே நான்தாம்மா" என்றார், தலை குனிந்தபடி.

அடுத்த ஆடியில் தம்பி என் தோளைப் பிடித்தபடி வந்து, பல்லக்குத் தண்டில் கை வைத்தான். ஒருத்தரும் தடுக்கவில்லை.

நைனாவோடு தெருவில் நடக்க வெட்கப்பட்டு, சந்துக்குள் ஒளிந்தவள் நான். அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை. எனக்கும் இந்த நோய் வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வரட்டும். கால் தள்ளாடினாலும் சந்துக்குள் ஒளிய மாட்டேன், அந்த மனுஷனின் மகள் என்று சொல்லிக்கொண்டு நடுத்தெருவில்தான் நடப்பேன்.