சின்னம்மா சொன்ன 'இல்ல'

மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த சின்னம்மா, போன் பேச எழுந்து நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது. எதிரில் யாரும் இல்லை. ஆனாலும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஆமாங்க, திருப்திதாங்க, ரொம்ப நன்றிங்க" என்றார். யார் என்று கேட்டேன். எங்கள் குடிநீர் மனுவுக்கு எடுத்த நடவடிக்கை திருப்தியா என்று அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டாளாம்.

என்ன நடவடிக்கை? எங்கள் தெருக் குழாய்களில் நான்கு மாதமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரிகளுக்கு நடுவே திண்டிவனம் ரோட்டைக் கடந்து குடம் சுமந்தோம். வேலையைப் போட்டுவிட்டு விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று நான் கொடுத்த மனு அது. முதல் கையெழுத்து சின்னம்மாவுடையது என்பதால் அவர் நம்பரைக் கொடுத்திருந்தேன். அவருடைய ஒரு 'ஆமாங்க'வில் மனுவை முடித்துவிட்டார்கள்.

"உனக்கு அறிவிருக்கா சின்னம்மா? கொழாயில காத்துதான் வருது. என்னா திருப்தி?"

"அந்தப் பொண்ணு அம்மா அம்மான்னு மரியாதியா கேக்குதுடி. மூஞ்சிக்கு நேரா இல்லன்னு எப்பிடிச் சொல்றது?"

"போன்ல ஏது மூஞ்சி?"

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரியாதையாகக் கேட்டால் இல்லாததையும் உண்டு என்று சொல்லிவிடுகிற ஜனம் நாங்கள். ஆபீசில் இருப்பவர்களுக்கு அது வசதி. ஒருவரும் வந்து குழாயைத் திறந்து பார்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை சின்னம்மாவையும் இழுத்துக்கொண்டு போய் மறுபடி மனு கொடுத்தேன். இந்த முறை ஆட்கள் வந்து தோண்டினார்கள், பைப்பு மாற்றினார்கள். எல்லா வீட்டிலும் தண்ணீர் கொட்டியது. தெருக்கோடி மேட்டில் இருக்கும் என் வீட்டுக்கு மட்டும் ஏறவில்லை. ஒரு வீட்டுக்காக இனி யார் வரப்போகிறார்கள் என்று நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி ரோட்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

திருப்தியா என்று கேட்டு மறுபடி போன் வந்தது. சின்னம்மா இந்த முறை எழுந்து நிற்கவில்லை.

"இல்லம்மா, திருப்தி இல்ல. மேட்டு வூட்டுக்கு வரல. முடிச்சிட்டோம்னு எழுதாத."

மறுநாள் குழாய் வேலை பார்த்த இன்ஜினியரே சின்னம்மாவைப் போனில் கூப்பிட்டார். "உன் வூட்லதான் தண்ணி வருதே, உனக்கு என்னாம்மா பேஜாரு?"

"எனுக்கு ஒண்ணுமில்ல சார். மனுவுல தெருன்னு எழுதிக்குது. என் வூடு மட்டும்தான் தெருவா?"

அந்த வாரமே என் வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுந்தது. சின்னம்மா மேடேறி வந்தார். கையேந்தி ஒரு வாய் குடித்தார். அதற்குப் பிறகுதான் மறுபடி போனில் கேட்ட அந்தப் பெண்ணிடம், "ம், இப்ப எழுதிக்க" என்றார்.

இப்போதெல்லாம் எங்கள் தெருவுக்குக் குழாய் வேலைக்கு வருகிறவர்கள், முடிந்தது என்று எழுதுவதற்கு முன் மேடேறி வந்து என் வீட்டுக் குழாயைத் திறந்து பார்க்கிறார்கள்.