இறக்கம்தானே என்று அனுப்பினோம்

எங்கள் தம்பி மறைந்து ஓராண்டாகிறது. உயிரோடிருந்தபோது ‘ஏலே’ என்று அழைத்தவரை இன்று இந்த நினைவு மலரில் ‘அவர்’ என்று எழுதுகிறேன். இந்த மரியாதையை அப்போதே கொடுத்திருக்கலாம்.

தம்பி பூம்பாறையில் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அப்பாவோடு பூண்டுக் காட்டில் இறங்கினார். யாரையும் கடிந்து பேச மாட்டார். ஊரில் எந்த வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாக நிற்பார். அவருடைய கெண்டைக்கால்கள் திரண்டு கல்லாக இருக்கும். “மலைக்காரன் காலுன்னா இதுதாம்லே” என்று பெரியவர்கள் தட்டிப் பார்ப்பார்கள். அந்தத் திரட்சியே நோயின் அடையாளம் என்று கொடைக்கானலில் உயிரியல் ஆசிரியராக இருந்த எனக்கும் தெரியவில்லை.

வாலிப வயதிலேயே ஏற்றத்தில் திணறினார். தொடையில் கையூன்றித்தான் எழுந்தார். முதலில் சோம்பேறி என்றேன். பிறகு இரக்கப்பட்டு ஓர் ஏற்பாடு செய்தேன். எருக்கூடையோடு ஏறும் வேலை ஆட்களுக்கு. பூண்டு மூட்டையோடு ரோட்டுக்கு இறங்குவது மட்டும் தம்பியின் சோலி.

“காலு உளையுதுண்ணே” என்பார்.

“எறக்கந்தானலே, காலு தானா வரும்” என்பேன்.

விழுந்து விழுந்து எழுந்தவர் ஒருநாள் எழவில்லை. மதுரையில் தசைச் சிதைவு நோய் என்றார்கள். தசைச் செல்லின் சவ்வை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும் புரதம் அவருக்குப் பிறவியிலேயே குறைவு. தாங்கல் இல்லாததால் வேலை செய்யச் செய்யச் சவ்வு கிழிகிறது.

“ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்யுது சார். இறங்கும்போது நீண்டுகிட்டே எடையத் தாங்குது. அப்பத்தான் சவ்வு அதிகமாக் கிழியும்” என்றார் மருத்துவர்.

ஆண்டுதோறும் செல்சவ்வைக் கரும்பலகையில் வரைந்தவன் நான்! நோயை நான் கொடுக்கவில்லை, விரைவுபடுத்தியிருக்கிறேன். எவ்வளவு என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கடைசியில் இதயத் தசையும் தளர்ந்து தம்பி போய்ச் சேர்ந்தார். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை.

இதோடு முடித்திருப்பேன். வீட்டில் முடிக்க விட மாட்டேன் என்கிறார்கள். தாய்வழியாக வரும் இந்நோய் தங்கை மகனுக்கும் இருப்பதைப் பரிசோதனை காட்டிவிட்டது. அவனுக்கும் அதே கெண்டைக்கால். சவ்வு கிழியாமல் காக்கவும், கிழிந்ததை அடைக்கவும் ஆய்வாளர்கள் மருந்து தேடுகிறார்கள். அதுவரை சுமையோடு இறங்க விடாமல் இருப்பதாவது நம் கையில் இருக்கிறதே!

தங்கை கணவரோ, “ஏத்தத்துக்கு ஆள் போட்டாச்சு மச்சான். எறக்கத்துல சும்மா வர்றவன் ஒரு மூட்டையக் கொண்டாந்தா என்னா?” என்கிறார். எத்தனை முறை சொல்வது! சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வற்றுகிறது.

“மவனுக்குப் பொண்ணு பாக்குற நேரத்துல இதையெல்லாம் மலர்ல போடாதண்ணே” என்று தங்கை அழுதாள்.

மருமகன்தான், “போடுங்க மாமா. மறைச்சுக் கட்டிக்கிட்டா வர்ற பிள்ள பாவம். அப்படியே மூட்டைய எவன் எறக்குறதுன்னும் எழுதிப்புடுங்க” என்றான்.

தம்பியை நாற்காலியோடு ரோடுவரை தூக்கி வந்த அண்டை வீட்டாருக்கும், மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. இந்தப் பருவம் முதல் மூட்டைகளைக் குதிரையில் இறக்குவதாகத் தங்கை கணவர் நேற்று ஒப்புக்கொண்டார். மலரை வாங்கிய நீங்கள் அனைவரும் அதற்குச் சாட்சி.