முப்பத்திரண்டு இருக்கைகள்

தொண்ணூறுகளின் கடைசியில் தெற்கு தில்லியில் ஓர் ஆர்க்கிடெக்ட் ஆபீசில் சேர்ந்தேன். கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் போடுகிற வேலை. ஆறு மாதம் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் பர்மனென்ட், இல்லையென்றால் வீட்டுக்கு. வீடு சரோஜினி நகர் கவர்மென்ட் குவார்ட்டர்ஸ். அங்கே, மத்திய சர்க்காரில் பல வருஷமாக ஃபைல் பார்த்துவந்த அப்பா, கிளார்க் பரீட்சை விண்ணப்பத்தை என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்ற அளவுக்குப் பூர்த்திசெய்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிரைவேட் வேலை அவருக்கு வேலையே இல்லை. எனக்கோ அந்தக் கறுப்புத் திரையும் அதில் பச்சையும் மஞ்சளுமாக ஓடும் கோடுகளும் உயிராகிவிட்டிருந்தன. கிளார்க்காகப் போவதைவிட மார்க்கெட் வாசலில் நின்று சட்டை கூவி விற்பேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அவர் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆறாவது மாதக் கடைசியில் ஒரு சர்க்கார் கார்ப்பரேஷனின் தலைமை அலுவலக வரைபடம் என்னிடம் வந்தது. சுவரும் தூணும் ஒருவர் வரைந்த ஃபைல், குழாயும் கழிப்பறையும் இன்னொருவர் ஃபைல், மேஜை நாற்காலி மூன்றாமவர் ஃபைல். மூன்றையும் சேர்த்து ஒரே படமாக்க வேண்டும். இதில் நான் கெட்டிக்காரி. மற்றவர்கள் சேர்த்தால் சுவர் ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம் கிடக்கும். நான் மாடிப்படித் தூணின் மூலையை மூன்று ஃபைலுக்கும் பொதுப் புள்ளியாக வைக்கச் சொல்லியிருந்தேன். ஃபர்னிச்சர்காரர் மட்டும் கேட்கவில்லை. "பாயி சாப், உங்க மேஜை யமுனைக்குள்ள மிதக்குது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். புள்ளியைச் சரிசெய்து ஃபிளாப்பியை என் மேஜையில் வைத்துவிட்டு, அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

பேசியிருந்தால், பொருள்களுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார் என்று கேட்டிருப்பேன். ஒரு பொருளை ஒரு தடவை வரைந்து அதற்குப் பெயர் வைத்துவிட்டால், ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி வேண்டிய இடத்திலெல்லாம் குத்திக்கொள்ளலாம். பிளாக் என்போம். எங்கள் ஆபீசில் எவருக்கும் பெயர் வைக்கப் பொறுமை கிடையாது. அதிகம் தேவைப்படுகிற பொருளுக்கு '1', அடுத்ததற்கு '2'. குழாய்க்காரரின் 1, வெஸ்டர்ன் கமோட். ஃபர்னிச்சர்காரரின் 1, நாற்காலி. ஃபைல்களைச் சேர்க்கும்போது ஒரே பெயரில் இரண்டு பிளாக் வந்தால், மென்பொருள் முதலில் வந்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடும். மற்றது இருந்த இடத்திலெல்லாம் முதலாவதையே வரையும். திரையின் அடியில் ஒரு வரியில் அதைச் சொல்லவும் செய்யும். அன்றும் சொன்னது. அது நாள் முழுக்க எதையாவது முணுமுணுத்துக்கொண்டேதான் இருக்கும், நான் படிக்கவில்லை. குழாய் ஃபைலைத்தான் நான் முதலில் சேர்த்திருந்தேன்.

முழுக் கட்டடமும் திரையில் கச்சிதமாகப் பொருந்தி நின்றது. கிட்டே போய்ப் பார்க்க நேரமில்லை என்று இப்போது சொல்லலாம். உண்மையில், என் வேலையை நானே சரிபார்ப்பது கௌரவக் குறைவு என்று நினைத்தேன். நேரு பிளேஸில் பிளாட்டர் கடையில் பெரிய தாளில் அச்செடுத்து, மை காய்ந்ததும் சுருட்டிக்கொண்டு, முதலாளியோடு நேராக மீட்டிங்குக்குப் போனேன்.

அங்கே சேர்மன், அவருக்குக் கீழே ஏழெட்டு அதிகாரிகள். தாளை மேஜைமேல் விரித்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் கான்ஃபரன்ஸ் ஹாலைப் பார்த்தேன். முட்டை வடிவ மேஜையைச் சுற்றி முப்பத்திரண்டு கமோட்கள். ஒவ்வொன்றும் மேஜையைப் பார்த்தபடி, சம இடைவெளியில், அடக்க ஒடுக்கமாக.

சொன்னால் வேலை போச்சு. அவர்களே கண்டுபிடித்தாலும் போச்சு. பேசாமல் நின்றேன்.

மேலிருந்து பார்த்தால் கமோட் என்பது பின்னால் ஒரு தொட்டி, முன்னால் ஒரு வட்டம். சாய்மானம் வைத்த நாற்காலி என்று நம்ப நினைப்பவர் நம்பலாம். அவர்கள் அதைப் பார்த்தால்தானே! அவரவர் தேடியது அவரவர் இடத்தை. ஃபைனான்ஸ் அதிகாரி, தன் இருக்கை சேர்மனுக்கு வலது பக்கம் இருக்க வேண்டும் என்றார். நிர்வாக அதிகாரி, அது காலங்காலமாகத் தன் இடம் என்றார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்கும் என்று ஒருவர் கவலைப்பட்டார். முக்கால் மணி நேரம் இதே பேச்சு. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஊரில் இருக்கிற சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சேர்மன் நடு இருக்கைமேல் விரலை வைத்து, "இதில் நீண்ட நேரம் உட்கார முடியுமா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"ஆராம்சே, ஸார், சௌகரியமா உட்காரலாம். இம்போர்டட்" என்றார் என் முதலாளி.

சேர்மன் திருப்தியாகத் தலையாட்டி, பச்சை மைப் பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, 'இது மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

காரில் ஏறியதும் எனக்குத் தாங்கவில்லை. "ஸார், அந்த நாற்காலிகள்..." என்று ஆரம்பித்தேன்.

"தாளை விரித்ததுமே பார்த்துவிட்டேன்" என்றார் முதலாளி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "சரி செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு நிமிஷம், ஸார்."

"அச்சா. சேர்மனுடையதை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடு." ஒரு சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "முக்கால் மணி நேரமும் எனக்கு உன்னை நினைத்துத்தான் பயம். ஆபீசில் நீ பேசாத நாள் உண்டா? அங்கே வாயைத் திறந்திருந்தால் நான் தெருவுக்கு வந்திருப்பேன். திங்கட்கிழமை பர்மனென்ட் லெட்டர் வாங்கிக்கொள். நன்றாக வரைகிறவர்கள் தில்லியில் எத்தனையோ பேர் கிடைப்பார்கள். கிளையன்ட் முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறவர்தான் கிடைக்க மாட்டார்."

துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கோ அவமானமாக இருந்தது. மூன்று ஃபைலை மயிரிழை பிசகாமல் பொருத்தியவளுக்கு ஒரு வார்த்தை பாராட்டு இல்லை. பயந்துபோய் நின்றவளுக்கு வேலை. வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டுக்கொள்ளும்போது ஆற்றாமையோடு எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மோர் ஊற்றிக்கொண்டே நிதானமாகக் கேட்டார்: "ஏட்டி, வாய மூடிட்டு நிக்கதுக்குத்தான் சம்பளம்னா, அதுக்கு நீ கவர்மென்ட்லயே சேந்திருக்கலாமே?"