அத்தானின் லேப்டாப்

இது நடந்தது. நடந்த வீடு காரைக்குடி செக்காலையில் இன்றும் இருக்கிறது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் வீட்டில் தனியாக இருந்தால், இதைப் பிறகு படித்துக்கொள்ளுங்கள்.

மரிய அனிதாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. செக்காலை ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ரகம். அவளுடைய அக்கா யூஜினியா அப்படியில்லை. பாத்திரம் உருண்டால்கூடத் திடுக்கிடுவாள். அந்தப் பயத்தைக் கொடுத்தது பேய் இல்லை. அவள் புருஷன் சகாய ஆண்டனி.

ஆண்டனி சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் கணக்கு வேலை பார்த்துவிட்டு தொண்ணூற்று நாலில் ஊர் திரும்பியவர். வரும்போது ஒரு லேப்டாப் கொண்டுவந்தார். அந்த வருஷத்தில் காரைக்குடியில் லேப்டாப்பைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. சாயங்காலம் ஆனால் அதோடு மாடி அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். உள்ளே டக்... டக்... என்று தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். என்ன செய்கிறார் என்று கேட்கக் கூடாது. ஒருநாள் தூசி துடைக்கப்போன யூஜினியா அதைத் தொட்டுவிட்டாள். அவர் அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்துத் திருகினார். படியில் விழுந்துவிட்டேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு, கட்டுப் போட்ட கையோடு ஒரு மாதம் சமைத்தாள்.

தொண்டையைச் செருமுவது அவருக்கு ஒரு வழக்கம். இரண்டு முறை செருமினால் வெந்நீர் கொண்டுவர வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுவதே கிடையாது.

தொண்ணூற்று எட்டில், தவக்காலத்தில், மார்ச் மாதம் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார்.

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு, லேப்டாப் இனி வீட்டில் இருக்கக் கூடாது என்று யூஜினியா சொல்லிவிட்டாள். திருப்பத்தூரில் டைப்பிங் சென்டர் வைத்திருந்த ஏகப்பன் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். பழைய சமாச்சாரம் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது, துடைத்துக் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

"எனக்கும் அதுதான் வேணும்" என்றாள் யூஜினியா தங்கையிடம். "ஒண்ணு விடாம அழிச்சிரு."

மறுநாள் மத்தியானம் அனிதா வேலையை ஆரம்பித்தாள். வெளியே அடைமழை. மாடி அறையில், ஆண்டனியின் மேசையிலேயே உட்கார்ந்தாள். பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வயரைச் சொருகினாள். சென்டரிலிருந்து கொண்டுவந்த பிளாப்பியைப் போட்டு ஆன் செய்தாள்.

திரை மெதுவாக வெளுத்தது. ஹார்ட் டிஸ்க் சுழலும் சத்தம் கேட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டாள். வரிவரியாக மேலே ஓடியது... ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்தவர் சமாச்சாரம் நமக்கெதற்கு என்று அவள் படிக்கவில்லை. டிஸ்க்கை முழுவதுமாக அழிக்கும் கட்டளையைத் தட்டினாள்.

எல்லாம் அழிந்துவிடும், செய்யலாமா என்று திரை கேட்டது. ஆமாம் என்றால் Y. இல்லை என்றால் N.

Y-ஐ அழுத்தினாள்.

திரையில் N விழுந்தது.

கை தவறியிருக்கும் என்று நினைத்தாள். மறுபடி கட்டளை. மறுபடி Y.

மறுபடி N.

அப்போதுதான் டிஸ்க்கின் சத்தம் மாறியது. க்ரக்... க்ரக்... பழைய டிஸ்க் அப்படித்தான் கரகரக்கும். சென்டரில் தினம் கேட்கிற சத்தம். அனிதா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

படியில் காலடி கேட்டது. யூஜினியா ஏறி வந்தாள். கையில் டம்ளர். அதில் ஆவி பறக்கும் வெந்நீர். மேசை மேல், லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்தவளின் முகம் வெளிறிப்போனது.

"நான் ஏன்டி இதைக் கொண்டாந்தேன்?"

அனிதா டம்ளரை லேப்டாப்பிலிருந்து தள்ளி வைத்தாள்.

"ரெண்டு தடவை செருமுனாக. கீழே கேட்டுச்சு."

அது டிஸ்க்கின் சத்தம் என்று அனிதா விளக்கிச் சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் அவளுக்கே சரியாகப் படவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டுக் கீழே போய்விடலாம் என்று மறுபடி கட்டளையைத் தட்டினாள். இந்த முறை Y-ஐத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, சாவிப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

N எழுத்துள்ள சாவி... தானாகக் கீழே இறங்கியது.

மெதுவாக. ஒரு தடித்த விரல் அழுத்துவதைப் போல.

பிறகு மேலே வந்தது.

டக்.

அந்த நொடியில் கரண்ட் போனது. மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி தளர்ந்து நின்றது. தெருவில் எந்த வீட்டிலும் வெளிச்சமில்லை.

லேப்டாப் அணையவில்லை.

பேட்டரி மேசை ஓரத்தில் கிடந்தது. அனிதா குனிந்து வயரைப் பிடுங்கினாள்.

அப்போதும் அணையவில்லை.

அறைக்குள் சிகரெட் வாசனை. எட்டு மாதமாக அந்த வீட்டில் யாரும் சிகரெட் பிடிக்கவில்லை.

"வாக்கா... கீழே போயிரலாம்."

யூஜினியா நகரவில்லை. புருஷன் இருந்தவரை அந்த அறை வாசலைத் தாண்டத் தயங்கியவள், இப்போது மேசையை நெருங்கி நின்றாள்.  

"நீ தட்டு. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

அனிதா தட்டினாள். கேள்வி வந்தது.

யூஜினியா Y-ன் மேல் விரலை வைத்து அழுத்தினாள். எடுக்கவே இல்லை. கீழ் வரிசையில் N சாவி துடித்தது... இறங்கி ஏறியது... டக் டக் டக்...

"இம்புட்டு நாளும் இருந்தீக" என்றாள், திரையைப் பார்த்து. "போதும். போயிருங்க."

டிஸ்க் அலறியது. அனிதா அந்த மாதிரிச் சத்தத்தை அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

ஒரு சதவீதம்.

இரண்டு.

யூஜினியாவின் கை சட்டென்று பின்னால் போனது. அவளாக இழுக்கவில்லை. மணிக்கட்டில் சதை குழிந்தது. நான்கு குழி. அடியில் ஒரு குழி.

அனிதா இரண்டு கையாலும் அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

செருமல்.

காதுக்குப் பக்கத்தில்.

இன்னொரு செருமல்...

"இயேசுவே" என்று மட்டும்தான் அனிதாவால் சொல்ல முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

சத்தம் நின்றது.

கண்ணைத் திறந்தபோது திரையில் நூறு சதவீதம் என்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. யூஜினியா தரையில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். மேசை மேல் இருந்த டம்ளர் காலியாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே ஏகப்பன் பஸ்ஸில் வந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போனார்.

கிறிஸ்துமஸ் நெருங்கிய சமயம். ஏகப்பன் அனிதாவைத் தேடி சென்டருக்கு வந்தார். கோபமாக வரவில்லை. குழப்பமாக வந்தார். லேப்டாப் வேலை செய்யவில்லை என்று மதுரைக்குக் கொண்டுபோய், ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து, தன் கண் முன்னாலேயே திறக்கச் சொல்லியிருக்கிறார்.

"ஏன் டீச்சர், டிஸ்க்கைக் கழட்டி வச்சுக்கிட்டீகளா?"

இல்லை என்றாள் அனிதா. அன்றைக்கு அதைத்தான் உட்கார்ந்து அழித்தேன் என்றாள்.

ஏகப்பன் தலையை ஆட்டினார். மூடியிலிருந்த திருகாணிகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தனவாம். ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய குழியில் வெறும் தூசி. அதில் காய்ந்துபோன சிலந்திக் கூடு. இதைத் திறந்து மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார்.

மூன்று வருஷம். ஆண்டனி இறந்து பத்து மாதம்கூட ஆகவில்லை.

அப்படியென்றால் அத்தான் தினமும் சாயங்காலம் தாழ் போட்டுக்கொண்டு எதில் தட்டிக்கொண்டிருந்தார்? அன்று வரிவரியாக மேலே ஓடியது எது? அனிதா யோசித்துப் பார்த்தாள். பிறகு யோசிப்பதை நிறுத்திவிட்டாள். ஏகப்பனுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினாள்.

இதை அவள் அக்காவிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. ஒன்று விடாமல் அழிந்துவிட்டது என்று யூஜினியா நிம்மதியாக இருக்கிறாள். மாடியில் காற்று நன்றாக வருகிறது என்று படுக்கையை அந்த அறைக்கே மாற்றிக்கொண்டாள்.

விளக்கை அணைத்துவிட்டு, தனியாக, அங்கேதான் தூங்குகிறாள்.